பிறந்த குழந்தைக்கு ஜி6பிடி பரிசோதனை: பிரசவத்துக்கு முன் தொடங்கி ரிப்போர்ட்டுக்குப் பின் வரை ஒரு முழு வழிகாட்டி

குழந்தை பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஊசி குத்தி, தடித்த காகித அட்டையில் சில சொட்டு ரத்தம் எடுப்பார்கள். பிறவியிலேயே வரும் சில குறைபாடுகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. அந்தப் பட்டியலில் ஜி6பிடி என்று ஒரு வரி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தியாவில் அது எந்த மாநிலம், எந்த மருத்துவமனை என்பதைப் பொறுத்தது.

உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் நொதிக் குறைபாடு இந்த ஜி6பிடி குறைபாடுதான். சுமார் 40 கோடிப் பேருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். ஆபத்து மிகுந்த காலம் என்றால் அது பிறந்த முதல் வாரம், அப்போதுதான் காமாலை எல்லை மீறி ஏறலாம். ஆகவே ரத்தம் எடுத்தார்களா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ரிப்போர்ட் எந்த நாளில் கைக்கு வரும் என்றும் கேட்க வேண்டும். பத்தாம் நாள் வரும் ரிப்போர்ட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நான்காம் நாள் ஏறிய காமாலைக்கு அதனால் பயன் இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நாள்கணக்கைச் சுற்றித்தான் போகும்.

முதலில், இது என்ன குறைபாடு?

குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியைத்தான் சுருக்கமாக ஜி6பிடி என்கிறார்கள். உடலின் எல்லா செல்களிலும் இந்த நொதி உண்டு. ஆனால் மற்ற செல்களுக்கு இதன் வேலையைச் சமாளிக்க வேறு வழிகள் இருக்கின்றன, ரத்தச் சிவப்பணுவுக்கு இல்லை. சிவப்பணுவுக்கு உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஆக்சிஜனைச் சுமந்துகொண்டே திரிவதால் அதற்குள் ஆக்சிஜனேற்றச் சேதமும் ஓயாமல் நடக்கிறது. அந்தச் சேதத்தைத் தடுக்கும் குளுட்டாதயோனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு தேவை. அதை உருவாக்கும் முதல் வேலையைச் செய்வது ஜி6பிடி. இந்த நொதி குறைவாக இருந்தாலும் சாதாரண நாட்களில் பெரிதாக ஒன்றும் தெரியாது. தொற்றுநோய், சில மருந்துகள், சில ரசாயனங்கள் என்று கூடுதல் சுமை வரும்போதுதான் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைகின்றன.

கண்டுபிடித்த கதை அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளுக்குப் பிரிமாகுயின் என்ற மலேரியா மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தபோது, சிலருக்கு மட்டும் ரத்த அணுக்கள் உடைந்தன. அதன் காரணத்தைத் தேடிய பால் கார்சன், ஆல்ஃப் ஆல்விங் குழுவினர் அது ஜி6பிடி குறைவுதான் என்று 1956இல் அறிவித்தார்கள். மலேரியாவுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் இன்னொரு உறவும் உண்டு. கடுமையான மலேரியாவிலிருந்து இது ஓரளவு பாதுகாப்புத் தருவதால், தலைமுறை தலைமுறையாக மலேரியா இருந்த பகுதிகளில்தான் இது அதிகம். இந்தியாவில் மூன்று மரபணு மாற்றங்கள் முக்கியமானவை: மெடிட்டரேனியன், ஒரிசா, கேரளா-கல்யாண். சில சமூகங்களில் இந்தக் குறைபாடு அநேகமாக இல்லை, சில சமூகங்களில் நூற்றுக்கு இருபதைத் தாண்டுகிறது. அதனால் 'நம் பக்கம் இதெல்லாம் கிடையாது' என்று யாராவது சொன்னால் அதை நம்பிவிட வேண்டாம்.

பச்சிளங்குழந்தைக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை? சிவப்பணு உடைந்தால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் வெளியாகிறது. அதை மாற்றி வெளியேற்றும் திறன் பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது. ஜி6பிடி குறைந்த குழந்தைகள் பலருக்கு ரத்தம் அதிகம் உடையாமலே, வெளியேற்றும் பக்கம் மந்தமாக இருப்பதாலேயே காமாலை ஏறுகிறது. 'ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது' என்பது இங்கே சமாதானம் ஆகாது. பிலிருபின் எல்லை மீறினால் மூளைக்குள் படியும். கெர்னிக்டெரஸ் என்ற அந்த நிலை வந்துவிட்டால் செவித்திறன் இழப்பும், கைகால் இயக்கத்தில் நிரந்தரப் பாதிப்பும் ஏற்படலாம். அதைப் பெரும்பாலும் தடுக்க முடியும்; வந்த பிறகு திருப்ப முடியாது.

படி 1: பிரசவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்

ஏழு, எட்டு மாதத்தில் மருத்துவமனையை முடிவு செய்யும்போதே இதையும் கேட்டுவிடுவது நல்லது. பிரசவ வலியோடு போகும் நாளில் யாருக்கும் இது நினைவில் இருக்காது.

குழந்தைக்குச் செய்யும் பரிசோதனைப் பட்டியலில் ஜி6பிடி இருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். '50 நோய்களைப் பார்க்கிறோம்' என்று பெரிய எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி டேண்டம் மாஸ் என்ற கருவி ஒரே ஓட்டத்தில் பார்க்கும் அமினோ அமில, கொழுப்பு அமிலக் கோளாறுகள். ஜி6பிடி அந்த ஓட்டத்தில் வராது. அதே அட்டையிலிருந்து இன்னொரு வட்டத்தை வெட்டி, நொதியின் செயல்திறனைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆகவே நீண்ட பட்டியல் என்பதாலேயே ஜி6பிடியும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய பேனல் கட்டுப்படியாகவில்லை என்றால், ஜி6பிடி, தைராய்டு, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு என மூன்றை மட்டும் பார்க்கும் சிறிய பேனல் கிடைக்கிறதா என்று கேட்கலாம். என்னைக் கேட்டால், ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் வரும் பெரிய பட்டியலைவிட மூன்றாம் நாள் ரிப்போர்ட் வரும் சிறிய பட்டியல் மேல்.

அடுத்த கேள்வி, ரத்தம் எந்த நாளில் எடுப்பார்கள், முடிவு எந்த நாளில் வரும், குறைபாடு என்று வந்தால் யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வார்கள் என்பது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். கணவருடைய எண்ணை மட்டும் கொடுத்து, அவர் வேறு ஊரில் வேலையில் இருந்தால், தகவல் வந்து சேரவே ஒரு நாள் போய்விடும்.

குடும்பக் கதையையும் இப்போதே விசாரியுங்கள். முக்கியமாகத் தாயின் பக்கம்: தாயின் அண்ணன் தம்பிகள், தாயின் அப்பா, தாயின் தாய்மாமன்கள். பிறந்ததும் யாருக்காவது காமாலை வந்து ரத்தம் மாற்றினார்களா? மாத்திரை சாப்பிட்ட பிறகு யாருக்காவது சிறுநீர் கறுத்துப் போனதா? மூத்த குழந்தையைக் காமாலைக்காக லைட்டில் வைத்தார்களா? ஒரு கேள்விக்கு ஆம் என்று வந்தாலும் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு ஊர் நடைமுறை வேறு. சிங்கப்பூரில் 1965 முதலே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள். அதன் பிறகு அங்கே கெர்னிக்டெரஸ் வெகுவாகக் குறைந்தது. மலேசியாவிலும் பல பத்தாண்டுகளாகக் கொடி ரத்தத்தில்தான் பார்க்கிறார்கள். கேரள அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பரிசோதனையில் இது உண்டு. பிரிட்டனில் ஐந்தாம் நாள் எடுக்கும் குதிகால் பரிசோதனையில் இது இல்லை. அங்கே இருக்கும் நம்மவர்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருந்தால், மருத்துவச்சியிடம் அதைச் சொல்லித் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். வேறு தேசத்துக்குக் குடிபோய்விட்டாலும் மரபணு கூடவே வரும் அல்லவா.

படி 2: கொடி ரத்தமா, குதிகால் ரத்தமா?

ஆண்டுக் கணக்காக இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. கொடி ரத்தத்தின் பெரிய வசதி நேரம்: பிறந்த அன்றே எடுத்து, டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடலாம், குழந்தைக்கு வலியும் இல்லை. ஆனால் பால் குடித்த பிறகு மட்டுமே தெரியும் சில கோளாறுகளுக்குக் கொடி ரத்தம் உதவாது. அவற்றுக்கு எப்படியும் குதிகாலில் எடுத்தாக வேண்டும். எனவே எல்லாவற்றையும் ஒரே அட்டையில் முடிக்க நினைக்கும் இடங்களில் குதிகால் ரத்தம்தான். வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் ஆகும் சுகப்பிரசவம் என்றால் போவதற்கு முன் ஜி6பிடிக்கு எடுத்துவிடச் சொல்லுங்கள். நொதியின் அளவு பால் குடித்ததைப் பொறுத்தது அல்ல. முதல் நாளே எடுத்தாலும் பார்க்கலாம்.

குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால், ஏற்றுவதற்கு முன்பே இந்தச் சாம்பிளை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் தெரிவது ரத்தம் கொடுத்தவரின் நொதி. அவசரத்தில் இது எளிதாக விட்டுப்போகும் ஒன்று. பக்கத்தில் இருக்கும் அப்பாவோ பாட்டியோ நினைவுபடுத்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: குதிகாலில் ரத்தம் எடுப்பது

எடுப்பது நர்ஸின் வேலைதான். ஆனாலும் சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அட்டை சரியில்லை என்று லேப் திருப்பி அனுப்பினால் இழப்பது இரண்டு மூன்று நாட்கள்.

குத்த வேண்டியது பாதத்தின் அடிப்பக்கம், குதிகாலின் உள் அல்லது வெளி ஓரத்தில். குதிகாலின் நடுவிலோ பின்வளைவிலோ குத்தக் கூடாது, அங்கே எலும்பு வெகு அருகில் இருக்கிறது. லான்செட் முனை 2 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாததாக இருக்க வேண்டும். முன்னதாக வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூன்று முதல் ஐந்து நிமிடம் குதிகாலைச் சுற்றி வைத்தால் ரத்தம் தாராளமாக வரும். ஸ்பிரிட் தடவிய பின் அது முழுதாக உலர வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டை அட்டையின் வட்டத்தில் தொடவிட வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஒரே சொட்டு, அது பின்பக்கம் வரை ஊறியிருக்க வேண்டும். வரவில்லையே என்று குதிகாலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். ஒரே இடத்தில் சொட்டின் மேல் சொட்டு வைத்தாலும் அளவு தவறாகும்.

அம்மா பால் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தை அழுவது கணிசமாகக் குறையும். நிறைய மருத்துவமனைகளில் குழந்தையைத் தனி அறைக்குத் தூக்கிப்போய் எடுப்பது பழக்கம். பழக்கம் மட்டும்தான், விதி அல்ல.

படி 4: அட்டை காய்வதும் லேபுக்குப் போவதும்

யாரும் பேசாத படி இது. ஜி6பிடி முடிவுகள் தவறாகப் போவதற்கு நம் ஊரில் முக்கிய காரணமும் இங்கேதான் இருக்கிறது.

காகித அட்டையில் ரத்தம் சேகரிக்கும் வழக்கத்தை 1960களில் பரப்பியவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. ஃபினைல்கீட்டோனூரியா என்ற கோளாறைப் பார்க்க அவர் உண்டாக்கிய அந்த வழி, தபாலில் அனுப்ப எளிது என்பதால் உலகம் முழுக்கப் போனது. அமினோ அமிலம் காய்ந்த ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும். நொதி அப்படி அல்ல. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் ஜி6பிடியின் செயல்திறன் அட்டையிலேயே விழுந்துவிடும். அப்போது நல்ல குழந்தைக்கும் 'குறைவு' என்று முடிவு வரும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் இரண்டு நாள் கிடந்த அட்டையும், குளிரூட்டிய பெட்டியில் அன்றே போன அட்டையும் ஒரே பதிலைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரியான முறை இது: அட்டையைப் படுக்கை வாட்டத்தில், வட்டங்கள் எதன் மேலும் படாதபடி, அறை வெப்பத்தில் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, ஹேர் டிரையர் கூடாது, ஈரமாக இருக்கும்போதே கவரில் போட்டு மூடவும் கூடாது. உலர்ந்ததும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய பையில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பத் தாமதம் என்றால் குளிர்ப்பெட்டியில்.

இவற்றில் எதையும் நீங்கள் செய்யப்போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம்: 'சனிக்கிழமை எடுத்தால் அட்டை எப்போது போகும்?' திங்கட்கிழமை என்று பதில் வந்தால் இரண்டு நாள் வீணாவது மட்டுமல்ல, முடிவின் நம்பகமும் குறைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த மாதிரி இடத்தில், சிறு குழாயில் ரத்தம் எடுத்து உள்ளூர் லேபிலேயே அளவுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்பது நல்லது. குழாய் ரத்தம் ஃபிரிட்ஜ் குளிரில் சில நாள் தாங்கும்.

படி 5: ரிப்போர்ட் வரும்வரை காமாலையைக் கவனிப்பது

ரிப்போர்ட் கைக்கு வரும்வரை குழந்தைக்குக் குறைபாடு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். பயப்படச் சொல்லவில்லை, கண் வைத்திருக்கச் சொல்கிறேன்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எந்தக் குழந்தைக்கும் அவசரம், ஜி6பிடி குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்குப் பின் இரண்டாம் நாள் முதல் ஒரு வாரம் வரை தினமும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் குழந்தைகளின் தோல் நிறத்தில் ஆரம்ப மஞ்சள் பிடிபடாது. கண்ணின் வெள்ளைப் பகுதி, ஈறு, விரலால் அழுத்தி எடுத்த மூக்கின் நுனி ஆகிய இடங்களில் தேடுங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் அளவு அதிகம் என்று பொருள். ஆனால் கண்பார்வையை வைத்து அளவை முடிவு செய்யக் கூடாது. அனுபவசாலி மருத்துவர்களே தவறிவிடுவார்கள். தோலில் வைத்து அளக்கும் கருவி அல்லது ரத்தப் பரிசோதனைதான் சரி. டிஸ்சார்ஜ் ஆகும் அன்று ஒரு பிலிருபின் அளவு எடுத்து, அந்த எண்ணையும் எடுத்த நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த 48 மணி நேரத்துக்குள் மறுபடி காட்ட ஒரு நாளும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், பால் குடிக்க மறுத்தால், கீச்சென்ற குரலில் அழுதால், முதுகை வில்லாக வளைத்தால், உடம்பு தொய்ந்தாலோ விறைத்தாலோ நேரம் பார்க்காமல் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள். ஒன்று, இளவெயிலில் காட்டுவது. அதில் கிடைக்கும் ஒளி போதாது. 'வெயிலில் காட்டிக்கொண்டிருக்கிறோமே' என்ற நிம்மதிதான் ஆபத்து, மருத்துவமனைக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். இன்னொன்று, சர்க்கரைத் தண்ணீர், கீழாநெல்லிச் சாறு. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். பிலிருபின் மலத்தோடு வெளியேற வேண்டுமானால் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் பால் குறையும்.

லைட்டில் வைப்பது என்று நாம் சொல்லும் ஒளிச்சிகிச்சையை எந்த அளவில் தொடங்குவது என்பதற்கு மருத்துவர்களிடம் அட்டவணை உண்டு. குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு என்று தெரிந்தால் அந்த எல்லை கீழே இறங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் இதை மூளைப் பாதிப்புக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதாவது அதே பிலிருபின் எண்ணுக்கு, ரிப்போர்ட் இருந்தால் ஒரு முடிவு, இல்லாவிட்டால் வேறு முடிவு. ரிப்போர்ட் சீக்கிரம் வேண்டும் என்று இத்தனை முறை சொல்வது இதனால்தான்.

படி 6: ரிப்போர்ட்டைப் படிப்பது

இரண்டு வகை ரிப்போர்ட் வரும். ஒன்றில் எண் இருக்காது: 'இயல்பு' அல்லது 'குறைவு' மட்டும். இது பெரும்பாலும் 1960களில் எர்னஸ்ட் பாய்ட்லர் உருவாக்கிய ஒளிர்வுப் புள்ளிப் பரிசோதனை. நொதி இருந்தால் என்ஏடிபிஎச் உருவாகி, புற ஊதா விளக்கின் கீழ் புள்ளி ஒளிரும். நொதி இல்லையென்றால் இருட்டாகவே இருக்கும். மலிவானது, விரைவானது, ஆண் குழந்தைகளுக்குப் போதுமானது. செயல்திறன் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் இது பிடிக்கும் என்பது இதன் குறை.

இன்னொன்று அளவுப் பரிசோதனை. ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் என்று எண் வரும். இந்த எண்ணை அதே ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் அந்த லேபின் வரம்போடு மட்டும் ஒப்பிடுங்கள். முறை மாறினால் வரம்பு மாறும். இணையத்தில் பார்த்த எண்ணோடும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் எண்ணோடும் ஒப்பிட்டுப் பயனில்லை. பெரியவர்களுக்கான வரம்போடும் ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் பச்சிளங்குழந்தைகளுக்கு இயல்பாகவே இந்த நொதி கூடுதலாக இருக்கும்.

பெண் குழந்தை என்றால் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதில் பழுது என்றால் எல்லாச் சிவப்பணுவிலும் குறைவு. அதனால் ஆணுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் தெளிவாக இருக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று மட்டும் வேலை செய்யும், மற்றது அணைந்திருக்கும். அதனால் ஒரு எக்ஸில் மட்டும் பழுதுள்ள பெண்ணின் ரத்தத்தில் நல்ல அணுக்களும் நொதி குறைந்த அணுக்களும் கலந்து ஓடும். பாதிக்குப் பாதி என்றும் இருக்கலாம், குறைந்தவை மிகுந்தும் இருக்கலாம். இவர்களின் மொத்த அளவு 30 முதல் 70 விழுக்காட்டுக்கு இடையில் விழும்போது புள்ளிப் பரிசோதனை 'இயல்பு' என்று சொல்லிவிடும். குடும்பத்தில் குறைபாடு இருக்கிறது, பெண் குழந்தைக்குக் காமாலையும் ஏறுகிறது என்றால், அந்த 'இயல்பு' என்ற சொல்லை ஏற்காமல் அளவுப் பரிசோதனை கேளுங்கள். 'பெண்களுக்கு வராது, கடத்த மட்டும் செய்வார்கள்' என்று இன்னும் சில இடங்களில் சொல்கிறார்கள். அது தவறு.

படி 7: உறுதி செய்தல்

அட்டையில் 'குறைவு' என்று வந்தால் அது எச்சரிக்கைதான், தீர்ப்பு அல்ல. குழாயில் புது ரத்தம் எடுத்து அளவுப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். ஆனால் உறுதியாகும்வரை காமாலைக் கண்காணிப்பும் கீழே சொல்லும் வீட்டு எச்சரிக்கைகளும் அன்றே தொடங்கிவிட வேண்டும். குறைபாடு இல்லை என்று பின்னால் தெரிந்தாலும் இழப்பு எதுவும் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் பழைய, நொதி குறைந்த அணுக்கள் முதலில் அழிந்துவிடும். புதிதாக உருவாகும் இளம் அணுக்களில் நொதி கூடுதல். அந்த நேரத்தில் எடுத்தால் 'இயல்பு' என்று வரலாம். கடும் காமாலைக்குக் காரணம் தெரியாமல், ஜி6பிடி மட்டும் இயல்பு என்று வந்த குழந்தைக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். ரத்தம் ஏற்றியிருந்தாலும் அதே காத்திருப்புதான். மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை, விடை பிடிபடாத பெண் குழந்தைகளுக்கு மட்டும் அது உதவும்.

படி 8: வீட்டில் என்ன மாற வேண்டும்

முதல் வேலை, அந்துருண்டையை வெளியேற்றுவது. பாச்சா உருண்டை, ரசகற்பூரம் என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு, பொருள் நாப்தலீன். இதை விழுங்க வேண்டியதில்லை, அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலே ஜி6பிடி குறைந்த சிசுவுக்கு ரத்தம் உடையும். நம் வீடுகளில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் உருண்டை போட்டு வைத்த பாட்டியின் பழைய நூல் புடவை. அதைத்தான் மெத்தென்று இருக்கிறது என்று எடுத்துத் தூளி கட்டுவோம், மடித்துப் படுக்கையாகப் போடுவோம், கிழித்துத் துணியாகப் பயன்படுத்துவோம். உருண்டையோடு கிடந்த துணியைக் குழந்தைக்கு எடுக்காமலே விடுவது சுலபமான வழி. மூத்த பிள்ளையின் சட்டைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாலும் இதே எச்சரிக்கை. குளியலறைத் தொட்டியில் போடும் வாசனை உருண்டைகளில் எது நாப்தலீன், எது வேறு என்று பார்த்துச் சொல்ல முடியாது, எதுவும் வேண்டாம். பூச்சிக்கு வேப்பிலை போதும்.

இரண்டாவது மருதாணி. சிவக்க வைக்கும் லாசோன் என்ற நிறமி, நாப்தலீன் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள். குழந்தையின் கையிலும் காலிலும் வைத்த பிறகு கடுமையாக ரத்தம் உடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைக்கு வைக்காதீர்கள். அம்மாவும் ஈர மருதாணிக் கையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம்.

மூன்றாவது ஃபாவா பீன்ஸ். மத்திய தரைக்கடல் நாடுகளில் இந்தக் குறைபாட்டை நோயாக்குவதே இந்தப் பயறுதான். இதில் உள்ள வைசின், கன்வைசின் என்ற பொருட்கள் சிவப்பணுவைத் தாக்கும். தாய் சாப்பிட்டால் பாலின் வழியே குழந்தைக்கும் போகும். நம் ஊரில் பலர் இதைப் பொரியல் அவரைக்காய் என்று நினைத்து அவரை, மொச்சை, பீன்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். அவரையும் மொச்சையும் வேறு செடி, அவற்றில் இந்தப் பொருட்கள் கிடையாது. கவனிக்க வேண்டியது, பாக்கெட்டில் வரும் வறுத்த பெரிய பயறு வகைகளும், அரபு நாட்டுச் சமையலில் வரும் ஃபுல் என்ற ஃபாவா பீன்ஸ் உணவு, சில ஃபலாஃபல் வகைகளும். வளைகுடாவில் இருக்கும் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்துகள். இணையத்தில் நூறு மருந்துகள் கொண்ட பட்டியல்கள் சுற்றுகின்றன. அவற்றில் பாதிக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உண்மையாகவே தவிர்க்க வேண்டியவை சில: பிரிமாகுயின், டாஃபெனோகுயின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டோயின், பெனாசோபிரிடின், மெத்திலீன் புளூ, ராஸ்புரிகேஸ். இவற்றில் நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்த் தொற்றுக்குப் பெண்களுக்கு அடிக்கடி எழுதும் மருந்து. குறைபாடு உள்ள சிசுவுக்குப் பால் கொடுக்கும் அம்மா மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். வழக்கமான அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். தடுப்பூசிகள் எதையும் தள்ளிப்போட வேண்டாம். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசியும் போடலாம். பெயர் தெரியாத லேகியம், பொடி, நாட்டு மருந்து மட்டும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது.

இத்தனையையும் தவிர்த்தாலும் காய்ச்சலைத் தவிர்க்க முடியாது. வளர்ந்த குழந்தைகளில் ரத்தம் உடைவதற்கு மிக அடிக்கடி காரணமாவது தொற்றுதான். காய்ச்சலோ புது மருந்தோ வந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் குழந்தை வெளிறினால், கண் மஞ்சளானால், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், உடனே மருத்துவமனை. பெரும்பாலும் சில நாள் கவனிப்பில் சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் ரத்தம் ஏற்ற நேரும். மற்ற நாட்களில் இது சாதாரணக் குழந்தை. ஓடலாம், விளையாடலாம், ஃபாவா பீன்ஸ் தவிர எதையும் சாப்பிடலாம்.

படி 9: குடும்பத்துக்குச் சொல்வது

குறைபாடு உள்ள ஆண் குழந்தை பிறந்தால், மரபணு வந்தது அம்மாவிடமிருந்து. அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகாது. அதைக் கேட்டதும் சில வீடுகளில் மருமகளைக் குறைசொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பேச்சை மருத்துவர் முன்னிலையிலேயே நிறுத்திவிடுவது நல்லது. அந்த அம்மாவுக்கு அது அவருடைய அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம். ஒரு எக்ஸில் மட்டும் பழுதுள்ள அம்மாவின் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளுக்கும் அந்தப் பழுதான எக்ஸ் போகப் பாதி வாய்ப்பு. குறைபாடுள்ள அப்பாவின் மகள்கள் எல்லோருக்கும் ஒரு பழுதான எக்ஸ் நிச்சயம் போகும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கணக்கு கொஞ்சம் மாறும். குறைபாடுள்ள ஒருவர் தாய்மாமன் மகளைக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது வந்தது அம்மாவிடமிருந்து. அம்மாவின் உடன்பிறந்த அந்தத் தாய்மாமனுக்கும் அதே மரபணு இருக்கலாம். இருந்தால் அவர் மகளிடம் அது நிச்சயம் உண்டு. இந்தத் தம்பதிக்குப் பிறக்கும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸிலும் பழுது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படிப் பிறக்கும் பெண் குழந்தைக்கு ஆண் குழந்தைக்கு உள்ள அதே அளவு ஆபத்து. அக்கா மகளைக் கட்டிய குடும்பத்திலும் இதுபோல நேரலாம்.

அதனால் குழந்தைக்கு உறுதியானதும் அம்மா, அம்மாவின் சகோதரர்கள், அக்கா தங்கைகளின் மகன்கள், தாய்வழித் தாத்தா ஆகியோரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, வாழ்நாளுக்கும் போதும். இதற்கு இரண்டு நேரடிப் பயன்கள் உண்டு. சென்னையில் வரும் மலேரியாவில் பெரும்பகுதி வைவாக்ஸ் வகை. அது திரும்ப வராமல் இருக்க 14 நாள் பிரிமாகுயின் கொடுப்பார்கள். தனக்குக் குறைபாடு என்று தெரிந்தவர் அப்போது வாய்திறந்து சொன்னால், மருத்துவர் மருந்தையோ அளவையோ மாற்றுவார். அப்புறம் சர்க்கரை நோய். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, சிவப்பணு எத்தனை நாள் வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. ஜி6பிடி குறைந்தவர்களுக்கு அணுக்களின் ஆயுள் குறைவு என்பதால் அந்த எண் உண்மையைவிடக் கீழே காட்டலாம். எச்பிஏ1சி நன்றாக இருக்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் எப்போதும் கூடுதலாக இருக்கிறது என்று ஒரு தாத்தா சொல்லிக்கொண்டிருந்தால், பேரனின் ரிப்போர்ட்டை அவருடைய சர்க்கரை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.